நம்பி வந்த கோழி

பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நோன்புப் பெருநாள். தொழுகை முடிந்து, உற்றார் உறவினருக்கு ஸலாம் கூறிவிட்டு வீடு திரும்பினேன். நெய்ச்சோறும் கோழிக்கறியும் மணத்துக்கொண்டிருந்தன. எல்லோரும் ஸஹனைச் சுற்றி அமர்ந்துவிட்டார்கள். ஏழு வயது மகளை மட்டும் காணவில்லை. தேடிப் போனேன். கொல்லைப்புறத்தில், கோழி இறகுகளைக் கொட்டியிருந்த குழியருகே, புதுப் பாவாடையில் மண் பட உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஒரு சிவப்பு நூல்.

அந்த நூலை எனக்குத் தெரியும். எங்கள் கொல்லையில் அப்போது பத்துக் கோழிகள் இருந்தன. அவற்றுள் செவலை நிறப் பெட்டை ஒன்றை அவள் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு, அடையாளத்துக்குக் காலில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள்.

"செவலையைப் பருந்து தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னீங்களே வாப்பா?" என்றாள்.

ஆம், நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். முதல் நாள் மாலை அதைப் பிடித்துக் கட்டி வைத்து, ஸுபுஹு தொழுதுவிட்டு வந்து, பிள்ளை எழுமுன் அறுத்திருந்தேன். எழுந்தவள் கோழியைத் தேடியபோது, பெருநாளும் அதுவுமாக அழவிட வேண்டாமே என்று அந்தப் பருந்தைப் பறக்கவிட்டேன்.

நான் வாய் திறக்குமுன் அடுத்த கேள்வி வந்தது. "நீங்க பா... பான்னு கூப்பிட்டதும் தீனி போடத்தான் கூப்பிடுறீங்கன்னு நம்பித்தானே அது ஓடி வந்துச்சு?"

கையில் குருணை அரிசியை வைத்துக்கொண்டு கூப்பிட்டுத்தான் அதைப் பிடித்தேன். அதை அண்ணன்காரன் பார்த்துத் தங்கையிடம் சொல்லிவிட்டான். அன்று அவள் ஸஹனில் உட்காரவே இல்லை. வெறும் சோற்றைச் சீனி தொட்டுத் தின்றாள். வந்திருந்த விருந்தினர், "கோழிக்காக அழுற பிள்ளையைப் பாருங்க" என்று சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் இரவு படுத்த பின் உறக்கம் வரவில்லை. தீனி போட்டு வளர்த்த கையாலேயே அறுக்கிறோமே, அந்தத் தீனி அன்பா, வஞ்சனையா? ஒரே கையில் இரக்கமும் கத்தியும் இருக்க முடியுமா?

மறுநாள் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. "பிள்ளை ரெண்டு கேள்வி கேட்டிருக்கு. ஒண்ணு உங்க நாவைப் பத்தினது. இன்னொண்ணு உங்க கையைப் பத்தினது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க. முதல்ல நாவைச் சரி பண்ணுங்க" என்றார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் யோசித்தவற்றை, வீட்டில் நாலு கோழி வளர்க்கின்ற சகோதர சகோதரிகளுக்குப் பயன்படும் என்று எழுதுகின்றேன்.

நாவின் கணக்கு

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் தம் சிறு வயது நிகழ்ச்சி ஒன்றை அறிவித்திருக்கிறார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவர்களுடைய இல்லத்தில் அமர்ந்திருந்த சமயம், தாயார் அவர்களை "இங்கே வா, ஒன்று தருகிறேன்" என்ற கருத்தில் அழைத்தார்கள். என்ன கொடுக்க எண்ணினீர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்று தாயார் கூறினார்கள். அப்படி ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது.

சிந்தித்துப் பாருங்கள்! வெறுங்கையைக் காட்டிக் குழந்தையை அழைப்பதே பொய்யாக எழுதப்படுமானால், நான் சொன்ன பருந்துக் கதை எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்? பிள்ளைகளிடம் சொல்வது பொய்யில் சேராது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பிள்ளை தன் வாழ்நாளில் முதன்முதலாக நம்புவது நம் நாவைத்தான்.

இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றை ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளிலும் கேட்கிறோம். தாம் கண்ட கனவை அவர்கள் மகனிடம் மறைக்கவில்லை. விளையாட அழைப்பதுபோல் அழைத்துச் சென்று படுக்க வைக்கவுமில்லை. கனவை எடுத்துச் சொல்லி, நீ என்ன எண்ணுகிறாய் என்று மகனிடமே கேட்டார்கள் எனத் திருமறையின் 37ஆம் அத்தியாயம் கூறுகின்றது. அத்தனை பெரிய செய்தியை மகனிடம் மறைக்காத நபியின் வழியில் வந்த நமக்கு, ஒரு கோழியை அறுத்ததைப் பிள்ளையிடம் சொல்லத் துணிவில்லையே!

உரிமையா, அனுமதியா?

இனி கையின் கணக்கு. இதில் இரண்டு சாரார் இரண்டு பக்கம் இழுக்கின்றனர். "காசு கொடுத்து வாங்கினேன், அல்லாஹ் ஹலாலாக்கியிருக்கின்றான், அதற்குமேல் என்ன கேள்வி?" என்பர் ஒரு சாரார். "இரக்கம் உள்ளவன் உயிரைக் கொல்வானா?" என்பர் மறு சாரார். முதல் சாராரிடம் கத்தி மட்டும் இருக்கிறது. மறு சாராரோ இறைவன் ஆகுமாக்கியதைத் தடுக்கப் பார்க்கின்றனர். நம் மார்க்கம் இந்த இரண்டு பக்கமும் சாயவில்லை.

அறுக்கும்போது நாம் ஏன் "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று சொல்கிறோம்? கோழி முழுக்க முழுக்க நம்முடையதாக இருந்தால் வேறொருவன் பெயரைச் சொல்லவேண்டிய தேவை என்ன? கோழிக்கு நான் கொடுத்தது காசு. அந்தக் காசு கூண்டுக்காரனுக்குப் போயிற்று. உயிருக்கு எவரும் விலை கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. உயிரின் உடைமையாளன் அல்லாஹ். அவன் பெயரைச் சொல்லும்போது, "இது என்னுடையதல்ல, உடையவனின் அனுமதியோடு எடுக்கின்றேன்" என்றே ஒப்புக்கொள்கிறோம். அனுமதி என்று வந்துவிட்டால் நிபந்தனையும் உண்டு. தோப்புக்காரர் இளநீர் பறித்துக்கொள்ள அனுமதித்தால், மரத்தை வெட்டிப்போட அனுமதித்ததாக ஆகுமா?

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆனின் 6ஆம் அத்தியாயம் உணர்த்துகின்றது. நம் கொல்லையில் கிளறித் திரிவதும் அப்படி ஒரு சமுதாயம். நமக்குத் தரப்பட்டிருப்பது அதில் உண்ணும் அனுமதி. வதைக்கும் அனுமதி எங்கும் தரப்படவில்லை.

இதை ஒரு கோழியை வைத்தே விளக்குகின்ற நிகழ்ச்சி புகாரியில் இருக்கிறது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டுக்குச் சென்றபோது, அவ்வீட்டுப் பையன் ஒரு கோழியைக் கட்டிவைத்து அதன்மீது எறிந்து குறி பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் நேரே சென்று கோழியை அவிழ்த்தார்கள். பிறகு கோழியையும் பையனையும் வீட்டாரிடம் கொண்டுவந்து, உயிர்ப்பிராணிகளை இப்படிக் கட்டிவைத்துக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததைக் கேட்டிருக்கின்றேன், உங்கள் பிள்ளைகளைத் தடுத்து வையுங்கள் என்றார்கள். கவனியுங்கள்: தவறு செய்தவன் சிறுவன், அறிவுரையோ பெரியவர்களுக்கு. கோழி வளர்க்கும் வீட்டில் பிள்ளைகளும் வளர்கிறார்கள். உயிரை எப்படி நடத்துவது என்பதை அவர்கள் அங்கேதான் படிக்கிறார்கள்.

கத்திக்கு முன்னே ஓர் ஆண்டு

இரக்கம் என்றதும் அறுக்கும் நிமிடத்தையே நினைக்கிறோம். அறுப்பது ஒரு நிமிடம். வளர்ப்பதோ மாதக்கணக்கு. கேள்வி முழுவதற்கும் உண்டு.

பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவளிக்காமல், பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதி என்னவாயிற்று என்பதை நாம் அறிவோம். அந்த ஹதீஸில் இரண்டு வழி சொல்லப்பட்டிருக்கிறது: அடைத்து வைத்தால் தீனி போடு, போட இயலாவிட்டால் மேய விடு. பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டு, கோழி உள்ளே இருப்பதை மறந்து கல்யாண வீட்டுக்குப் போய்விடும் நமக்கு இது எத்தனை பெரிய எச்சரிக்கை!

அடைக்கோழியின் நிலையைப் பாருங்கள். நாட்டுப் பெட்டை பத்துப் பன்னிரண்டு முட்டைகளின்மேல் 21 நாள் உட்கார்ந்திருக்கிறது. நாளுக்கு ஒரு தடவை இறங்கி, அவசரமாகக் கொஞ்சம் கொத்தி, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டு, முட்டை ஆறுமுன் திரும்பிவிடுகிறது. உடல் மெலிந்துபோகிறது. அதற்குப் பக்கத்திலேயே கம்பும் குருணையும் தண்ணீரும் வைப்பது நம் கடமை. ஏழாம் நாள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்த்து, கரு இல்லாதவற்றை எடுத்துவிட்டால், கூமுட்டையை அது வீணாகக் காத்துக்கிடக்காது.

சில வீடுகளில் குஞ்சு வேண்டாம், முட்டை மட்டும் போதும் என்பார்கள். அடைக்கு வந்த கோழி முட்டையிடாது. ஆகவே அடையைத் தெளியவைக்க அதைத் தண்ணீரில் முக்கி எடுப்பதும், மூக்குத் துளையில் இறகைக் கோத்து விடுவதும் நம் ஊர்ப்பக்கங்களில் வழக்கம். சிறு வயதில் எங்கள் மாமி வீட்டில் அப்படிச் செய்தபோது கோழியின் இறக்கையைப் பிடித்துக்கொண்டவன் நான்தான். இரண்டு நாள் அது தலையை உதறிக்கொண்டே திரிந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தாயாக விரும்பியது ஒரு குற்றமா? முட்டைக் கூட்டிலிருந்து அப்புறப்படுத்தி, காற்றோட்டமான பஞ்சாரத்தில் தீனியும் தண்ணீரும் வைத்துச் சில நாள் விட்டால் அடை தானே தெளிந்துவிடும். வேதனையே இல்லாத வழி இருக்கும்போது வேதனை தரும் வழியை எடுப்பதற்கு அனுமதி எங்கே இருக்கிறது?

பிரயாணம் ஒன்றில், ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், இதைத் துயரப்படுத்தியது யார் எனக் கேட்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. பொரித்த மூன்றாம் நாளே குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்து விற்றுவிடுபவர்கள் இதை நினைக்கட்டும். இறகு முளைத்து, தானே இரை தேடும் வயது வரை தாயோடு விட்டால் குஞ்சுக்கும் பிழைப்பு, தாய்க்கும் நிம்மதி.

நோய் விஷயத்திலும் நமக்குப் பொறுப்பு உண்டு. வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் வந்தால் இரண்டொரு நாளில் கூண்டையே காலி செய்துவிடும். வந்த பின் மருந்து இல்லை. வருமுன் தடுக்க வழி இருக்கிறது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஓர் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் சொல்வார்கள். "அல்லாஹ் விட்ட வழி" என்று சும்மா இருந்துவிடுவது தவக்குல் ஆகாது. இதைவிடக் கொடுமை, நோய் கண்டதும் அவசர அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய், அறியாதவர் தலையில் கட்டுவது. தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து விற்றவரைக் கண்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். தானியத்தின் ஈரத்துக்கே இந்தச் சொல் என்றால், நோயை விற்பவன் நிலை என்ன?

அண்டை வீட்டாரின் ஹக்கையும் மறந்துவிடக் கூடாது. நம் கோழி அடுத்த வீட்டு முற்றத்தில் காயும் நெல்லைத் தின்றுவிட்டு வந்தால், "வாயில்லாச் சீவன், நான் என்ன செய்ய?" என்கிறோம். அதே கோழி அவர்கள் வைக்கோற்போரில் முட்டையிட்டால் மட்டும், "எங்க கோழி முட்டை" என்று ஓடுகிறோம்! ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் பிறர் விளைநிலத்தில் மேய்ந்த வழக்கில் தாவூது நபியும் சுலைமான் நபியும் (அலை) தீர்ப்புக் கூறியதைத் திருமறையின் 21ஆம் அத்தியாயம் சொல்கின்றது. நிலம் பழையபடி ஆகும்வரை நிலத்துக்காரர் ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் அனுபவிக்கட்டும் என்பது சுலைமான் நபியின் தீர்ப்பு என விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். முட்டை கோழிக்காரருக்கே உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் நெல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை அந்தத் தீர்ப்பு நினைவூட்டவில்லையா? வாரத்துக்கு நாலு முட்டையை மனமுவந்து வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டினால் எத்தனை சண்டைகள் குறையும்!

அந்த ஒரு நிமிடம்

அல்லாஹ் எல்லாவற்றிலும் நன்முறையை விதித்திருக்கின்றான். அறுத்தால் நல்ல முறையில் அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்குச் சிரமம் தராதீர்கள் என்ற கருத்துள்ள நபிமொழியை ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் பதிந்துள்ளார்கள். ஆட்டைக் கிடத்திவிட்டு அதன் எதிரிலேயே கத்தி தீட்டியவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததும் ஹதீஸில் உண்டு.

நம் வழக்கம் எப்படி? கோழியின் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, பையனிடம் கொடுத்துப் பள்ளிவாசல் மோதினாரிடம் அனுப்புகிறோம். அவர் வரும்வரை வெயிலில் கிடக்கிறது. கறிக்கடையிலோ ஒன்றை அறுப்பதை மற்றவை கூண்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. துடிப்பு அடங்குமுன் வெந்நீரில் போடுகிறார்கள். வாங்குகின்ற நாம், "கொஞ்சம் பொறுத்துப் போடுங்க பாய்" என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. வீட்டில் அறுக்கத் தெரிந்தவர் இருந்தால் மோதினாருக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை மேய்த்த ஒரு பணிப்பெண், சாகும் தறுவாயில் இருந்த ஆட்டைக் கூரிய கல்லால் அறுத்தபோது, அதை உண்ண நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்ததைப் புகாரியில் காணலாம். முறை தெரிந்த பெண்களும் அறுக்கலாம் என்பதற்கு இது சான்று.

சாக்கடை கிளறித் திரிந்த கோழியை மூன்று நாள் அடைத்து வைத்துச் சுத்தமான தீனி கொடுத்த பின்பே அறுப்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் வழக்கம். நம் பாட்டிமாரும் அப்படித்தான் செய்தார்கள். அது நம் உணவின் தூய்மைக்கு. அதோடு, இந்தக் கோழியை அறுக்கப்போகிறோம் என்று மூன்று நாள் முன்பே முடிவு செய்யும்படி நம்மை நிறுத்துகிறது. வாய் ருசிக்காக நினைத்த மாத்திரத்தில் பாய்ந்து பிடிப்பதற்கு அங்கே இடமில்லை.

மகளுக்குச் சொன்னது

"தீனியை நம்பித்தானே வந்துச்சு?" என்றாளே, அதற்கு வருகிறேன். பல நாள் யோசித்தேன். "பா... பா..." என்ற அந்த அழைப்பில் நான் கோழிக்கு என்ன வாக்குக் கொடுக்கிறேன்? தீனி தருகிறேன் என்று. நீண்ட ஆயுள் தருகிறேன் என்று அல்ல. ஆயுளை வாக்களிக்க எனக்கு அதிகாரம் இல்லை. நான் பெற்ற பிள்ளைக்கே அதை வாக்களிக்க முடியாதவன் நான். ஆகவே வளர்த்ததை அறுப்பதில் வஞ்சனை இல்லை. ஆனால் தீனிக்கென்று கூப்பிட்டு, தீனி கொடுக்காமல் கழுத்தைப் பிடித்தேனே, அதுதான் வஞ்சனை. பிள்ளையின் கண் சரியான இடத்தில்தான் குத்தியிருந்தது.

ஒரு மனிதர், நான் ஆட்டை அறுக்கிறேன், அப்போது அதன்மீது இரக்கப்படுகிறேன் என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் கூறினார். நீர் ஆட்டின்மீது இரங்கினால் அல்லாஹ் உம்மீது இரங்குவான் என்ற பதிலே அவருக்குக் கிடைத்தது. இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதில் இது பதிவாகியுள்ளது. அறுக்காதே என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. இரங்காதே என்றும் சொல்லப்படவில்லை. ஒரே கையில் இரண்டும் இருக்க முடியுமா என்ற என் கேள்விக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "வாப்பா பொய் சொல்லிட்டேன்மா, அது தப்பு" என்றேன். என் வயதுக்கு அது எளிதாக இல்லை. அவள் உடனே, "இனிமே?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எந்தக் கோழியை அறுப்பது என்று பிள்ளைகள் அறியவே முடிவு செய்வோம். தீனிக்கான அழைப்பை அதற்குப் பயன்படுத்துவதில்லை. இருட்டிய பின் கூண்டில் கை விட்டு மெல்ல எடுத்தால் கோழி கத்துவதும் இல்லை, பதறுவதும் இல்லை. தனியே பஞ்சாரத்தில் வைத்து, காலையில் தண்ணீர் காட்டி, மற்றவை பாராத இடத்தில், தீட்டிய கத்தியால் அறுப்போம்.

மகள் அதன்பின் இரண்டு மாதம் கோழிக்கறி தொடவில்லை. நான் வற்புறுத்தவில்லை. ஹலாலை ஹராம் என்று சொல்லாதவரை, மனம் ஒப்பாத ஒன்றைத் தின்னாமலிருப்பது பாவமல்ல. உடும்பிறைச்சி வைக்கப்பட்ட விரிப்பில் நாயகம் (ஸல்) அவர்கள் தாம் உண்ணாமல், உண்டவர்களையும் தடுக்காமல் இருந்ததை நாம் அறிவோம். பிறகு அவளாகவே சாப்பிட்டாள்.

இன்று அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவள் வீட்டுக் கொல்லையிலும் கோழிகள் இருக்கின்றன. சென்ற முறை போயிருந்தபோது, அவள் பா... பா... என்று கூப்பிட, நாலா பக்கமிருந்தும் அவை இறக்கை விரித்து ஓடி வந்தன. அவள் கை நிறையக் கம்பு இருந்தது.

வாயில்லாத உயிர்கள் இவ்வுலகில் எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. அவற்றின் வழக்கு மஹ்ஷருக்கு என்று எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்நாளில் நம்மை நம்பி வந்தவை எவையும் நமக்கு எதிராக நிற்காத வண்ணம் வாழ, வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.